லேஞ்சி கட்டிய பெயின்ட் பாஸ்

கிள்ளான், மலேசியா
12 பெப்ரவரி 2023

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி நிஷாந்தி எழுதுறேன். நான் இங்க சுகமா வந்து சேர்ந்து, வேலையிலயும் சேர்ந்துட்டேன். நீங்க, மதினி, பிள்ளை லோஜினி எல்லாரும் எப்பிடி இருக்கீங்க? அப்பாவோட முழங்கால் வீக்கம் குறைஞ்சுதா? அம்மா மழையில மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகாம இருக்காங்களா?

போன் இருக்கிறப்ப இவ எதுக்குக் கடிதம் எழுதுறான்னு நினைப்பீங்க. போன் அம்மா கையில இருக்கு. அம்மா ஸ்பீக்கரைப் போட்டா நம்ம லயத்து வீடுகளோட மேட்டு லயமும் சேர்ந்து கேக்குது. போன ஞாயித்துக்கிழமை "இங்க சோறு ஒரு மாதிரி இருக்கு"ன்னு நான் சொன்னது, மறுநாள் தேயிலைக் கொழுந்து எடுக்கிற இடத்துல "நிஷாந்தி பட்டினி கிடக்கிறாளாம்"னு ஆயிடுச்சாம். அதனால உருப்படியான விசயத்தை எல்லாம் கடிதத்துல எழுதுறதுன்னு முடிவு பண்ணிட்டேன். தோட்டத்து விலாசத்துக்குப் போட்டா ஆபீஸ்லயே கிடக்கும். அதான் ஹட்டன்ல நீங்க வேலை செய்யிற கராஜ் விலாசம்.

ஏஜென்சிக்காரன் பிளாஸ்டிக் கம்பனின்னு தானே சொன்னான்? வந்து பார்த்தா கார் பம்பர் செய்யிற இடம். அதுலயும் என்னைப் போட்டிருக்கிறது பெயின்ட் செக்‌ஷன்ல. உங்க தொழில்லயே வந்து விழுந்திருக்கேன் அண்ணே! ஆனா இங்க பெயின்ட் அடிக்கிறது மனுசர் இல்ல, ரோபோ. பெரிய கண்ணாடி அறை. அதுக்குள்ள தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் வச்ச ஒத்தைக் கை. பம்பர் கம்பியில தொங்கிக்கிட்டு வரிசையா உள்ள போகுது, அந்தக் கை வளைஞ்சு நெளிஞ்சு அடிச்சு அனுப்புது. முதல் நாள் நான் வேலையை விட்டுட்டு அதையே பார்த்துக்கிட்டு நின்னேன்.

என் வேலை அதுக்கு முந்தினது. பம்பரை ஸ்பிரிட் போட்டுத் துடைச்சு, பிசுபிசுப்பான துணியால தூசி எடுத்து, கம்பியில மாட்டணும். தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது, முகத்துக்கு எதுவும் பூசக் கூடாது. ஒரு நேபாளத்துப் பிள்ளை கிரீம் பூசிட்டு வந்து, அன்னைக்குத் துடைச்ச பம்பர் அத்தனையிலயும் பெயின்ட் குழி குழியா விழுந்துடுச்சு. எங்க சூப்பர்வைசர் கந்தப்பன்னு ஒருத்தர், இந்த நாட்டுத் தமிழர், வயசானவர். அவர் கத்தல. அந்தப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போய் குழியைக் காட்டி, "இது பேரு மீன்கண். உன் முகத்துல இருந்து வந்தது"ன்னு மட்டும் சொன்னார். அது அழுதுடுச்சு.

அம்மாகிட்ட நான் நல்லாச் சாப்பிடுறேன்னு சொல்லுங்க. லோஜினிக்கு ஒரு முத்தம்.

அன்புடன்
நிஷாந்தி


ஹட்டன்
20 மார்ச் 2023

அன்புத் தங்கச்சிக்கு அண்ணன் நிரோஷன் எழுதுறது.

உன் கடிதம் பத்திரமா கைக்கு வந்திச்சு. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். அப்பா சந்திக்கடை வரைக்கும் நடந்துட்டு வர்றார். அம்மா மழையில போகாம இருப்பாங்களா? நீயே சொல்லு.

ரோபோ கதையை கராஜ்ல மயில்வாகனம் முதலாளிகிட்ட சொன்னேன். தொழில் தெரிஞ்ச ஆளை எல்லாம் அவர் "பாஸ்"னு தானே கூப்பிடுவார். "பாஸ், உங்களுக்குப் பதிலா அப்பிடி ஒண்ணை வாங்கிப் போட்டா தீவாளிக்கு லீவும் கேக்காதே"ன்னு சிரிக்கிறார். "கரண்ட் போனா மிச்சப் பாதி வேனை யாரு அடிப்பா முதலாளி"ன்னு நானும் கேட்டேன்.

எனக்கு உண்மையாவே தெரியணும், விளக்கமா எழுது. பம்பர்ல உள் வளைவு வருமே, அங்க அது எப்பிடி அடிக்குது? கை ஒரு இடத்துல கொஞ்சம் தங்கினா பெயின்ட் வழிஞ்சிடும். வேகமாப் போனா தோடம்பழத் தோல் மாதிரி புள்ளி புள்ளியா ஆயிடும். நான் அடிக்கிறப்ப யோசிக்கிறதே இல்ல, மணிக்கட்டு தானாத் திரும்பும். மெஷினுக்கு அது எப்பிடித் தெரியுது?

இங்க நமக்கு எதிரி பனி. மூட்டம் இறங்கினா பெயின்ட் பால் ஊத்தின மாதிரி வெளுத்துடும். போன வாரம் பொகவந்தலாவை ஓடுற பஸ் ஒண்ணு வந்திச்சு, முழுசா நீலம். தரையில தண்ணி தெளிச்சு, தூசி வராம நாலு பக்கமும் கதவை அடைச்சு, தகரச் சுவரை எல்லாம் படங்குச் சீலை போட்டு மூடி அடிச்சேன். வெளியில எடுத்து விட்டப்ப டிரைவர் அதுல தன் முகத்தைப் பார்த்துத் தலை சீவினான். உன் ரோபோ அடிச்சதுல யாராவது தலை சீவியிருக்காங்களா?

எனக்கு ஒரு சளி, விட மாட்டேங்குது. மழைக்காலம் தானே. மதினி கொத்தமல்லி போட்டுக் குடுக்கிறா.

உடம்பைப் பார்த்துக்கோ. கண்ட கண்ட ஏஜென்சிக்காரன் பேச்சைக் கேக்காதே.

உன் அண்ணன்
நிரோஷன்


கிள்ளான்
2 மே 2023

அன்பான அண்ணனுக்கு,

நீங்களும் மதினியும் பிள்ளையும் நோய் நொடி இல்லாம இருக்கணும்னு தினமும் நினைச்சுக்கிறேன். எனக்கு ஒரு குறையும் இல்ல. சித்திரை வருசப் பிறப்புக்கு கந்தப்பன் அண்ணன் வீட்டுல கூப்பிட்டுச் சாப்பாடு போட்டாங்க. படியேறி மூணாவது மாடி. சாம்பார் நம்ம வீட்டு மாதிரியே இருந்துச்சு.

உங்க கேள்விகளை அவர்கிட்டயே கேட்டேன். ரோபோவுக்கு ஒண்ணும் தெரியாதாம். ஒவ்வொரு பம்பருக்கும் கை எந்த வழியாப் போகணும், எங்க திரும்பணும், எங்க பெயின்டை நிறுத்தணும்னு கம்ப்யூட்டர்ல எழுதி வச்சிருக்காங்க. பிறகு அது அதையே செய்யும். பம்பர் ஒரு விரல் அளவு கோணலாத் தொங்கினாலும் அதுக்குத் தெரியாது, காத்துலயே அடிச்சுட்டு "முடிஞ்சுது"ன்னு நிக்கும். அதனால தான் மாட்டுறதுக்கு எங்களை வச்சிருக்காங்க. தலை யாரும் சீவல அண்ணே. ஆனா டியூப் லைட் வெளிச்சத்துல வச்சு ஒரு தூசிப் பொட்டு கூட இல்லாமப் பார்க்கிறாங்க.

ரோபோ வச்சது வேலை சீக்கிரம் முடியணும்னு தானேன்னு நான் கேட்டேன். "அதுவும் தான். ஆனா கிளியர் அடிக்கிற அறையில மனுசன் நிக்கக் கூடாதும்மா"ன்னார். கடைசியா மேல பளபளப்புக்கு அடிக்கிறது தானே கிளியர்? அது காய்ஞ்சு இறுகுறதுக்குக் கலக்கிற ஹார்ட்னர் நெஞ்சுக்கு ரொம்பக் கெடுதலாம். உள்ள ரிப்பேருக்குப் போறவங்க கூட வெளியில இருந்து குழாய் வழியா நல்ல காத்து வர்ற முகமூடி போட்டுக்கிட்டுத் தான் போறாங்க. நீங்க இன்னும் மூக்குல அந்தச் சிவப்பு லேஞ்சித் துணியைத் தான் கட்டிக்கிட்டு அடிக்கிறீங்களா? எனக்கு உடனே பதில் எழுதுங்க.

இப்ப முக்கியமான விசயம். இங்க புதுசா இன்னொரு லைன் போடுறாங்க. அடிச்சு வர்ற பம்பரைப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்கிறதுக்கு, பெயின்ட் வேலை தெரிஞ்ச ஆள் வேணுமாம். கண்ணாடிக்கு வெளியில நிக்கிற வேலை. உங்களைப் பத்திச் சொன்னேன். கந்தப்பன் அண்ணன் மேனேஜர்கிட்ட பேசிட்டார். பாஸ்போர்ட் எடுத்து வைங்க. மெடிக்கலுக்கு ஏஜென்சியில இருந்து கூப்பிடுவாங்க.

மதினிகிட்ட நீங்களே சொல்லுங்க. அம்மாகிட்ட இப்போதைக்கு வேணாம், தோட்டம் முழுக்கப் பரவிடும்.

ஆசையோட காத்திருக்கும்
நிஷாந்தி


ஹட்டன்
18 ஜூன் 2023

அன்புத் தங்கச்சிக்கு,

நீ நல்லா இருக்கணும். இங்க எல்லாருக்கும் சுகம். லோஜினிக்குக் காய்ச்சல் வந்து மாறிடுச்சு.

உன் கடிதத்தைப் படிச்சிட்டு நான் கராஜை விட்டு வெளியில வந்து, ரோட்டோரக் கடைக்குப் போனேன். பிறகு ஒரு பிளேன்டீ குடிச்சேன். பிறகு திரும்ப ஒரு தடவை படிச்சேன். இந்த வயசுல எனக்கு வெளிநாடுன்னு நான் நினைச்சதே இல்ல. அதுவும் சும்மா மூட்டை தூக்கிற வேலை இல்ல, என் தொழில்.

பாஸ்போர்ட் எடுத்தாச்சு. மதினிக்கு மனசில்ல, ஆனா "போங்க"ன்னு சொல்லிட்டா. லோஜினி உலகப் படத்துல மலேசியாவைத் தேடி, இலங்கையோட பக்கத்துல தான் இருக்குன்னு விரலால அளந்து காட்டுறா. முதலாளிகிட்ட சொன்னேன். ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வச்சிருந்தார். இப்ப "போற வரைக்கும் வேலையை முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க பாஸ்"னு சேர்த்து வைச்சிருந்த வண்டி எல்லாத்தையும் வரிசையா நிறுத்திட்டார். காலையில இருந்து பின்னேரம் வரைக்கும் அடிக்கிறேன். பிழை கண்டுபிடிக்கிறதுக்குக் கண்ணைப் பழக்கணும்னு, அடிச்சு முடிச்சதை எல்லாம் டோர்ச் பிடிச்சுப் பார்க்கிறேன். என் வேலையில இவ்வளவு பிழை இருக்குன்னு இப்ப தான் எனக்கே தெரியுது!

அடுத்த மாசம் கொழும்புல மெடிக்கல். கந்தப்பன் அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லு. அவர் பேரைக் காப்பாத்துவேன்னு சொல்லு.

சந்தோசத்துடன்
உன் அண்ணன் நிரோஷன்


கிள்ளான்
27 ஆகஸ்ட் 2023

அன்புள்ள அண்ணே,

சுகமா இருக்கீங்களா? நான் சுகம்னு எழுதினாலும் மனசு சரியில்ல. மெடிக்கல் முடிஞ்சிருக்கும், சேதி வரும்னு ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். ஒரு வரி கூட வரல.

அம்மாகிட்ட போன்ல கேட்டா, "அண்ணனுக்கு இப்ப வேலை கூடுதல்"னு சொல்றாங்க. உங்ககிட்டக் குடுக்கச் சொன்னா நீங்க குளிக்கப் போயிருக்கீங்க, இல்லாட்டி கடைக்குப் போயிருக்கீங்க. ஏஜென்சிக்குக் கூப்பிட்டா, "உங்க அண்ணன்கிட்டயே கேளுங்க"ன்னு வைக்கிறாங்க. என்ன நடந்துச்சு? பாஸ்போர்ட்ல பிழையா? ஏஜென்சியில ஏதும் பிரச்சினையா? எதுவா இருந்தாலும் எழுதுங்க, இங்க இருந்து பேசலாம்.

புது லைன்ல ரோபோ எல்லாம் கொண்டு வந்து பூட்டி முடிஞ்சுது. கந்தப்பன் அண்ணன் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் "அண்ணன் எப்ப வர்றார்மா?"ன்னு கேக்கிறார். நான் "இதோ, இதோ"ங்கிறேன். மேனேஜர் ரொம்ப நாள் இடத்தைப் பிடிச்சு வைக்க மாட்டார்.

மதினிக்கும் லோஜினிக்கும் என் அன்பு. உடனே பதில் போடுங்க.

நிஷாந்தி


ஹட்டன்
14 செப்டம்பர் 2023

தங்கச்சிக்கு,

எல்லாரும் சுகம். உன் சுகத்துக்கு எழுது.

நான் யோசிச்சுப் பார்த்தேன். இப்ப வர்ற மாதிரி இல்ல. அப்பாவுக்கு முழங்கால் திரும்பவும் மோசம். லோஜினிக்கு வர்ற மாசம் அஞ்சாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை, பக்கத்துல இருந்து பார்க்கணும். முதலாளியும் விடுற மாதிரி இல்ல. அந்த இடத்தை வேற யாருக்காவது குடுக்கச் சொல்லிடு.

இங்க நல்ல மழை. இறம்பொடைக்காரர் ஒருத்தரோட வேன் வந்திருக்கு, முத்து வெள்ளை கேக்கிறார். கஸ்டமான கலர். மூணு பூச்சு வேணும்.

வேற விசேசம் இல்ல.

அண்ணன்
நிரோஷன்


கிள்ளான்
8 அக்டோபர் 2023

அண்ணனுக்கு,

எல்லாரும் நல்லா இருப்பீங்க. நானும் உயிரோட தான் இருக்கேன்.

அப்பா முழங்கால் நான் சின்னப் பிள்ளையா இருக்கிறப்ப இருந்து வலிக்குது. லோஜினி பரீட்சை எழுதி முடிச்சுட்டு ஆறாம் வகுப்புக்குப் போகத் தான் போறா. முதலாளி விடலைன்னு சொல்றீங்க. அவர் என்ன தோட்டத்துத் துரையா, கேட்டுக்கிட்டுப் போறதுக்கு?

நான் வந்து ஒரு வருசம் கூட ஆகல அண்ணே. வந்த புதுசுல யார்கிட்டயும் வாய் திறக்காதவ, உங்களுக்காக மேனேஜர் ரூம் வாசல்ல போய் நின்னேன். கந்தப்பன் அண்ணன் தன் வாயால உறுதி குடுத்தார். நீங்க வரலைன்னு நான் சொன்னப்ப அவர் என்னைத் திட்டல. "சரிம்மா"ன்னார். அது தான் எனக்குத் தாங்கல. அந்த இடத்துக்கு ஒரு நேபாளத்து ஆள் வந்துட்டார். அவர் வாழ்க்கையில பெயின்ட் பிரஷ்ஷைத் தொட்டதே இல்லையாம்.

பயம்னா பயம்னு சொல்லியிருக்கலாம். நம்ம ஆட்களுக்கு லயத்தை விட்டு வெளியில கால் வைக்கிறதுன்னா எப்பவும் ஏதாவது ஒண்ணு வந்துடும். நீங்க அப்பிடி இல்லன்னு நான் நினைச்சிருந்தேன்.

இனி உங்களுக்காக நான் யார்கிட்டயும் எதுவும் கேக்க மாட்டேன்.

நிஷாந்தி


பொகவந்தலாவை
16 ஜனவரி 2024

அன்புள்ள நிஷாந்திக்கு மதினி தனலெட்சுமி எழுதிக்கொள்றது.

தீவாளியும் போய் பொங்கலும் போச்சு, நீ அண்ணனுக்கு எழுதல, அவரும் உனக்கு எழுதல. நீ சுகமா இருக்கியா? பிள்ளையும் பெரியவங்களும் இங்க சுகம். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்ல. முன்னப் பின்ன இருந்தா பொறுத்துக்கோ. லோஜினி ஸ்கூலுக்குப் போன நேரம் அவ கொப்பியில இருந்து தாள் கிழிச்சு எழுதுறேன். நான் எழுதினது உன் அண்ணனுக்குத் தெரிய வேணாம்.

அவர் பயந்து நிக்கல. கொழும்புக்கு மெடிக்கலுக்குப் போனார். பெயின்ட் வேலைக்குப் போறவங்களுக்குன்னு மூச்சு டெஸ்ட் ஒண்ணு தனியா இருந்துச்சாம். குழாய்ல ஊதச் சொல்லியிருக்காங்க. அதுல தான் ஃபெயில்னு தட்டிட்டாங்க. நெஞ்சு பாதி கூட வேலை செய்யலன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. பெயின்ட் தான் காரணம்னும் சொல்லியிருக்காங்க. இது எதுவும் அன்னைக்கு எனக்குத் தெரியாது. ரயில்ல வந்து இறங்கினவர், "நான் போகல தனம், எனக்கு அங்க எல்லாம் சரிவராது"ன்னு மட்டும் சொல்லிட்டு முகம் கழுவப் போயிட்டார். எனக்குச் சந்தோசமா இருந்துச்சு நிஷாந்தி. அதை இப்ப நினைச்சா என்னையே அடிச்சுக்கணும் போல இருக்கு.

உன் கடைசிக் கடிதம் வந்த பிறகும் கராஜுக்குப் போய் அடிச்சுக்கிட்டுத் தான் இருந்தார். தீவாளிக்கு முந்தின வாரம் கராஜ்ல வேன் ஒண்ணு அடிச்சுக்கிட்டு இருக்கிறப்பவே கீழ விழுந்துட்டார். உதடு எல்லாம் நீலமாப் போச்சாம். முதலாளி தான் தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அங்க டொக்டர் கேட்டப்ப தான் கொழும்பு விசயம் எல்லாம் வெளியில வந்துச்சு. இப்ப மூச்சுக்கு இழுக்கிற பம்ப் ஒண்ணு குடுத்திருக்காங்க. அதை சேர்ட் பைக்குள்ள வைக்காம காற்சட்டைப் பைக்குள்ள வைக்கிறார், வெளியில தெரியாதாம். அம்மாகிட்ட நெஞ்சுச் சளின்னு சொல்லி வச்சிருக்கோம்.

வீட்டுல நிக்கிற நாளைக்கு நல்லா இருக்கார். வேலைக்குப் போன அன்னைக்குப் பின்னேரம் தான் இழுப்பு வருது. உக்காந்துகிட்டே தூங்குறார். "நான் இப்ப அடிக்கிறதில்ல, கலர் கலந்து மட்டும் குடுக்கிறேன்"னு சொல்றார். அவர் சேர்ட்டைத் துவைக்கிறவ நான். எனக்குத் தெரியாதா?

ஏன் தங்கச்சிகிட்டச் சொல்லலன்னு கேட்டேன். "நான் பயந்தவன்னு அவ நினைச்சா கொஞ்ச நாள் கோபப்படுவா. இதைச் சொன்னா அங்க நிம்மதியா இருக்க மாட்டா"ன்னார்.

நான் சொல்லி அவர் கேக்கல. நீ சொன்னா கேப்பாரான்னு தெரியல. எப்பிடிச் சொல்லுவியோ, என்னைக் காட்டிக் குடுக்காமச் சொல்லு.

உன் மதினி
தனலெட்சுமி


கிள்ளான்
4 பெப்ரவரி 2024

என் அன்பான அண்ணனுக்கு,

வீட்டுல எல்லாரும் எப்பிடி இருக்கீங்க? பொங்கலுக்கு லோஜினி போட்ட கோலத்தை போன்ல பார்த்தேன், நல்லா இருந்துச்சு. எனக்கு இங்க சுகம்.

அக்டோபர்ல நான் எழுதின கடிதத்தைக் கிழிச்சுப் போட்டுடுங்க. அப்பிடி எழுதியிருக்கக் கூடாது.

வேற எழுதுறதுக்கு ஒண்ணும் இல்லாததால கந்தப்பன் அண்ணனைப் பத்தி எழுதுறேன். அவர் வீட்டுக்குப் போன மாசம் திரும்பப் போயிருந்தேன். மூணாவது மாடின்னு எழுதியிருந்தேன் இல்லையா? அவர் படியேறி வர்றதுக்குள்ள நாங்க மேல போய்த் தண்ணி குடிச்சு முடிச்சிருந்தோம். அவரும் கையால அடிச்சவர் தான் அண்ணே. ரோபோ வர்றதுக்கு முந்தி இதே கம்பனியில பம்பருக்குக் கிளியர் அடிச்சவர், வாயில துணி கட்டிக்கிட்டு. ரோபோவைக் கொண்டு வந்து இறக்கினப்ப கம்பனி கேட் வாசல்ல நின்னு கத்தினவங்கள்ல அவரும் ஒருத்தராம். "என் சோத்துல மண்ணைப் போட வந்த பிசாசுன்னு திட்டினேன்மா"ன்னு சொல்லிச் சிரிக்கிறார். ஆனா அதுக்கு முதலே நெஞ்சு போயிடுச்சாம். யார்கிட்டயும் சொல்லலையாம். பெஞ்சாதிகிட்ட கூட சொல்லாம, சளி சளின்னு ரெண்டு வருசம் ஓட்டினாராம்.

போன சனிக்கிழமை நான் இங்க ஒரு கடையில நல்ல முகமூடி ஒண்ணு வாங்கினேன். ரெண்டு பக்கமும் உருண்டையா வடிகட்டி வச்சது, பெயின்ட் அடிக்கிறவங்க போடுறது. ஊருக்கு அனுப்புறதுக்குன்னு கம்பனியில வச்சு பார்சல் கட்டிக்கிட்டு இருந்தேன். கந்தப்பன் அண்ணன் பார்த்துட்டு, "யாருக்கு?"ன்னார். எங்க ஊர்ல பெயின்ட் அடிக்கிற ஒருத்தருக்குன்னேன். "அவருக்கு ஏற்கனவே இழுப்பு இருக்கா?"ன்னார். நான் முகமூடியைப் பேப்பர்ல சுத்தத் தொடங்கினேன். அவர் அதை என் கையில இருந்து வாங்கி, பெட்டியில போட்டு, பெட்டியை மூடி, "இதை அனுப்பாதே"ன்னார்.

"இது இன்னும் நோய் வராதவனுக்கு. நெஞ்சு அந்த ஹார்ட்னரை ஒரு தடவை பழகிடுச்சுன்னா பிறகு மறக்காதும்மா. மூக்குக்கு மணக்கிறதுக்கு முந்தியே அதுக்குத் தெரிஞ்சு இழுப்பு வந்துடும். நீ இதை அனுப்பினா, அந்த ஆள் இதை நம்பி இன்னும் ரெண்டு வருசம் அடிப்பான். அவனை ஸ்ப்ரே கன்னைக் கீழ வைக்கச் சொல்லு"ன்னார்.

கலக்கிக் குடுக்கிறது, பக்கத்துல நின்னு பார்க்கிறது எல்லாம் அடிக்கிற மாதிரி தானாம். அவர் சொன்னதை நான் அப்பிடியே எழுதியிருக்கேன். பார்சல் அனுப்பல.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மதினிக்கும் என் அன்பைச் சொல்லுங்க.

என்றும் உங்க தங்கச்சி
நிஷாந்தி


பொகவந்தலாவை
17 மார்ச் 2024

அன்புத் தங்கச்சி நிஷாந்திக்கு,

நீ அங்க நல்ல சுகத்தோட இருக்கணும். இனிமே எனக்கு வீட்டு விலாசத்துக்கே எழுது. ஆபீஸ்ல கிடந்தாலும் பரவாயில்ல, போய் எடுத்துக்கிறேன். கராஜ்ல நான் இப்ப இல்ல.

மதினி உனக்கு எழுதியிருக்கா. அவ சொல்லல, உன் கடிதத்துலயே தெரிஞ்சுது. கந்தப்பன் அண்ணனோட நெஞ்சைப் பத்திப் பக்கம் பக்கமா எழுதியிருக்க. அண்ணே சுகமான்னு என்னைத் தனியா ஒரு வரி கேக்கல. எப்பவும் கேக்கிறவ நீ. அவளை நான் திட்டல. வீட்டுக்கு வந்து, "உன் கையெழுத்து நல்லா இருக்குன்னு தங்கச்சி எழுதியிருக்கா"ன்னேன். கையில இருந்த அகப்பையைக் கீழ வச்சிட்டு அழுதா.

கொழும்புல நடந்ததை நானே சொல்லிடுறேன். அந்தக் குழாய்ல ஊதினப்ப நான் நல்லா ஊதினேன்னு தான் நினைச்சேன். லேடி டொக்டர் நோனா பேப்பரைப் பார்த்துட்டு, இன்னும் பலமா ஊதுங்கன்னு சிங்களத்துல சொன்னாங்க. ஊதினேன். இன்னும் பலமான்னாங்க. என்கிட்ட அவ்வளவு தான் இருந்துச்சு நிஷாந்தி. என்ன வேலைன்னு கேட்டாங்க. வாகனத்துக்குப் பெயின்ட் அடிக்கிறேன்னு சொன்னேன். எப்பவும் அதைச் சொல்றப்ப எனக்கு ஒரு பெருமை வரும், உனக்குத் தெரியும். அன்னைக்கும் பழக்கத்துல அதே மாதிரி தான் சொன்னேன். அவங்க பேனாவைக் கீழ வச்சிட்டு, "இனி அந்த வேலைக்குப் போகாதீங்க"ன்னாங்க. போகாம வேற எங்க போறது? மறுநாள் காலையில வழமை போல ஹட்டன் பஸ்ல ஏறிட்டேன்.

உன் பெப்ரவரி கடிதம் வந்த அன்னைக்கு கராஜ்ல ஒரு கார் நின்னுச்சு, கிளியர் மட்டும் தான் பாக்கி. கலந்து, கன்ல ஊத்தி, கதவை அடைச்சுட்டு நின்னேன். கந்தப்பன் அண்ணன் அந்தப் பெட்டியை மூடினது தான் கண்ணுல நின்னுச்சு. ஊத்தினதைத் திரும்பக் கொட்டினேன். கன்னை தின்னர் போட்டுக் கழுவி, துடைச்சு, முதலாளி மேசையில வச்சேன்.

"என்ன பாஸ், கன் பழுதா?"ன்னார்.

"கன் நல்லா இருக்கு முதலாளி. நான் தான் பழுது"ன்னேன்.

அவர் கதிரையை இழுத்துப் போட்டு உக்காரச் சொன்னார். கலந்து மட்டும் குடுங்க, ஆபீஸ்ல இருங்கன்னு எல்லாம் சொன்னார். நல்ல மனுசன் தான். "வேற ஆளைப் பிடிங்க. ஆனா எனக்கு என்ன நடந்துச்சுன்னு அவன்கிட்ட சொல்லிட்டுப் பிடிங்க"ன்னேன். இப்ப பின்பக்கச் சுவரை உடைச்சுப் பெரிய ஃபேன் ஒண்ணு பூட்டியிருக்காராம். நான் ஒரு நாள் போய், ஃபேன் மட்டும் போதாது, அடிக்கிறவனுக்கு வெளியில இருந்து குழாய்ல நல்ல காத்து வரணும்னு நீ எழுதினதைச் சொல்லிட்டு வந்தேன். கேட்டுக்கிட்டார். செய்வாரான்னு தெரியல.

இப்ப நான் ஹட்டன் - பொகவந்தலாவை பஸ்ல கண்டக்டர். முதல் வாரம் கஸ்டமா இருந்துச்சு. "பெயின்ட் பாஸ் டிக்கட் கிழிக்கிறாரா"ன்னு ஆள் ஆளுக்குக் கேட்டாங்க. இப்ப யாரும் கேக்கிறதில்ல. ரோட்டுல போற வாகனத்தை எல்லாம் கதவுல தொங்கிக்கிட்டுப் பார்க்கிறேன், எது கோணலா அடிச்சிருக்கு, எது வழிஞ்சிருக்குன்னு. அது போகாது போல. இழுப்பு குறைஞ்சிருக்கு, ஆனா விடல. படுத்துத் தூங்குறேன். அம்மாவுக்கும் சொல்லியாச்சு. நீ நினைச்ச மாதிரியே அன்னைக்குப் பின்னேரமே மேட்டு லயத்துல இருந்து ஒருத்தங்க தூதுவளை கொண்டு வந்து குடுத்தாங்க.

மதினி உனக்குத் தனியா எழுதுறாளாம். லோஜினி பரீட்சையில பாஸ். நீ எனக்காக மேனேஜர் வாசல்ல நின்னதை நான் மறக்கல.

கந்தப்பன் அண்ணன்கிட்ட எனக்காக ஒண்ணு மட்டும் கேட்டு எழுது. பஸ்ல இருந்து இறங்கி லயத்துக்கு ஏறுற படிக்கட்டு உனக்குத் தெரியும். நடுவுல ரெண்டு இடத்துல எனக்கு நிக்க வேண்டி வருது. கூட வர்ற ஆட்களும் நிப்பாங்க, என்னாச்சுன்னு பார்ப்பாங்க. அவர் மாடிப்படியில அப்பிடி நிக்கிறப்ப, கூட வர்றவங்ககிட்ட என்னன்னு சொல்லுவார்? எல்லாருக்கும் தெரிஞ்ச பிறகும் நான் செருப்பு வார் அறுந்துடுச்சுன்னு சொல்லிக் குனிஞ்சுக்கிட்டு இருக்கேன்.

உன் அண்ணன்
நிரோஷன்